பட்ஜி ஆணா, பெண்ணா? நீங்களே பார்த்துச் சொல்ல ஒரு வழிகாட்டி

ஜோடி என்று சொல்லி வாங்கிய இரண்டு பட்ஜிகள், கடையில் “லவ் பேர்ட்ஸ்” என்று விற்கும் சின்னக் கிளிகள். தினை, கீரை, கடல்நுரை எல்லாம் வேளாவேளைக்குப் போகிறது. முட்டையிடப் பானை கட்டி நான்கு மாதம் ஆகியும் முட்டை இல்லை. இந்த நிலையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தீனியையோ கூண்டையோ அல்ல. உள்ளே இருப்பவை இரண்டும் ஆணாகவோ, இரண்டும் பெண்ணாகவோ இருக்கலாம்.

“மூக்கு நீலமா இருந்தா ஆண், பழுப்பா இருந்தா பெண்” என்ற வரி எல்லோருக்கும் தெரியும். (மூக்கு என்பது அலகு அல்ல, அலகுக்கு மேலே இருக்கும் சதை.) அது தவறான வரி இல்லை. ஆனால் வளர்ந்த பறவைக்கும், வழக்கமான நிறப் பறவைக்கும் மட்டுமே பொருந்தும். கடையில் நம் கைக்கு வருவதோ பெரும்பாலும் இரண்டு மூன்று மாதக் குஞ்சு. அந்த வயதில் ஆணின் மூக்கு ரோஸாக இருக்கும், பெண்ணின் மூக்கு வெளிர் நீலமாக இருக்கும். வரியை அப்படியே பிடித்துக்கொண்டால் இரண்டையும் தலைகீழாகத்தான் சொல்வோம். ஆகவே முதலில் இனம், பிறகு வயது, பிறகு நிற வகை, கடைசியில்தான் மூக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. இருப்பது பட்ஜிதானா?

நம் ஊரில் பட்ஜியையும் “லவ் பேர்ட்ஸ்” என்றுதான் விற்கிறார்கள். பட்ஜி ஆஸ்திரேலியப் பறவை. ஒல்லியான உடல், நீண்ட வால், சிறிய அலகு. வழக்கமான நிறங்களில் கழுத்தில் கறுப்புப் பொட்டுகளும் முதுகில் வரிகளும் இருக்கும். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. கட்டையான உடல், குட்டை வால், பெரிய கொக்கி அலகு.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், வீடுகளில் வளரும் ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மூக்கு நிறம் எதுவும் சொல்லாது, டி.என்.ஏ. சோதனைதான் நம்பகமான வழி. உங்களிடம் இருப்பது அதுவென்றால் நேராக 7-ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

2. வயதைக் கண்டுபிடியுங்கள்

நெற்றியைப் பாருங்கள். குஞ்சுக்குத் தலையின் பின்பக்கத்திலிருந்து மூக்கு வரைக்கும் மெல்லிய கறுப்பு வரிகள் ஓடும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ப்பு வரும்போது நெற்றி வரிகள் போய், மஞ்சளோ வெள்ளையோ ஒரே நிறத்தில் தெளிந்துவிடும். நெற்றியில் வரி இருந்தால் அது குஞ்சு என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது கண். குஞ்சின் கண் முழுக்கக் கறுப்பு மணியாக இருக்கும். நான்கு மாதத்துக்குப் பிறகு கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வளையம் மெல்லத் தெரியத் தொடங்கும். எட்டு மாதவாக்கில் அது பளிச்சென்று வெள்ளையாகிவிடும்.

லுட்டினோ (முழு மஞ்சள்), அல்பினோ (முழு வெள்ளை) பறவைகளில் வரியே தெரியாது. உடலில் திட்டாக நிறம் போன ரெசசிவ் பைட் வகையில் கண் வளையம் கடைசிவரை வராது. இந்த வகைகளில் வயதைக் கண்ணால் சொல்வது கடினம். விற்பவர் வளர்ப்பாளராக இருந்தால், பொரித்த தேதியைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

காலில் மூடிய அலுமினிய வளையம் இருந்தால் அதில் பொரித்த வருடம் பொறித்திருக்கும். குஞ்சு பொரித்த சில நாட்களுக்குள் மட்டுமே அதை மாட்ட முடியும் என்பதால் அந்த வருடத்தை நம்பலாம். ஆனால் சாதாரணக் கடைப் பறவைகளில் வளையம் அரிது. திறந்து மூடக்கூடிய பிளாஸ்டிக் வளையம் வயதுக்குச் சான்று அல்ல, யாரும் எப்போதும் மாட்டலாம்.

3. நிற வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

உடல் நிறம் ஆண் பெண்ணைச் சொல்லாது. “நீலம் ஆண், மஞ்சள் பெண்” என்று சில கடைகளில் சொல்வார்கள். அதில் ஒரு துளியும் உண்மை இல்லை. நிற வகையைப் பார்ப்பது வேறொன்றுக்காக: சில வகைகளில் ஆணின் மூக்கு ஆயுளுக்கும் நீலமாக மாறாது.

பச்சை, நீலம், வயலட், சாம்பல் உடலும் கறுப்புக் கோடுகளும் உள்ளவை வழக்கமான வகை. இவற்றில் மூக்கு விதி நன்றாக வேலை செய்யும்.

சிவப்புக் கண் உள்ள முழு மஞ்சள் லுட்டினோ, சிவப்புக் கண் உள்ள முழு வெள்ளை அல்பினோ, உடலில் அங்கங்கே திட்டாக நிறம் போய் வளையமில்லாத கறுப்புக் கண்ணோடு இருக்கும் ரெசசிவ் பைட், வெளிர் பழுப்பு வரியும் சிவப்புக் கண்ணும் கொண்ட லேஸ்விங், ஃபேலோ ஆகியவற்றில் ஆணுக்கு வயது ஐந்தானாலும் மூக்கு குஞ்சு மூக்கைப் போல ரோஸாகவோ இளம் ஊதாவாகவோதான் இருக்கும். “மூக்கு நீலமாகவில்லையே, அப்போ பெண்தான்” என்று இரண்டு ஆண் அல்பினோக்களை வருடக்கணக்கில் ஜோடியாக வைத்திருப்பவர்கள் உண்டு. பெண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்த நிறமானாலும் அதன் மூக்கு வெளிறியோ பழுப்பாகவோதான் வரும்.

4. இப்போது மூக்கைப் பாருங்கள்

அலகுக்கு மேலே இரண்டு ஓட்டைகளோடு மெத்தென்று இருக்கும் சதைதான் மூக்கு. கடையின் டியூப்லைட் வெளிச்சத்திலும் கலர் எல்.இ.டி. வெளிச்சத்திலும் வெளிர் நீலமும் வெளிர் ரோஸும் ஒன்றுபோலத் தெரியும். கூண்டை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். காலை வெளிச்சம் நல்லது, நேரடி வெயில் வேண்டாம். போனில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, பறவையின் முகத்துக்கு நேர் எதிரே வைத்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் ஓட்டை விளிம்பு தெரியாது, அந்த விளிம்புதான் நமக்கு வேண்டியது.

கையில் பிடிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பிடித்தே ஆகவேண்டும் என்றால் தலையை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே நிறுத்தி, உடலை உள்ளங்கையில் தளர்வாகத் தாங்குங்கள். நெஞ்சை இறுக்கக் கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு வரும். இறுக்கிப் பிடித்த கைக்குள்ளேயே பறவை செத்துப்போகும்.

வரி நெற்றிக் குஞ்சுக்கு, அதாவது ஐந்து வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை: ஆணின் மூக்கு சின்ன வெங்காயத்தை உரித்தால் தெரியுமே, அந்த ஊதா கலந்த ரோஸ் நிறம். சற்றே உப்பலாக, வழவழவென்று, ஓட்டையின் விளிம்பு வரை ஒரே நிறமாக இருக்கும். பெண் குஞ்சுக்கு அடியில் வெளிர் நீலமோ வெளிறிய ரோஸோ இருக்கும். ஆனால் இரண்டு ஓட்டைகளையும் சுற்றிச் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வெள்ளை வளையம். அந்த வெள்ளையைத்தான் தேட வேண்டும், அடி நிறத்தை அல்ல. வெளிர் நீலத்தைப் பார்த்து “இது ஆண்” என்று எடுத்துக் கொடுப்பதில்தான் கடைகளில் அதிகத் தவறு நடக்கிறது.

வளர்ந்த பறவைக்கு: வழக்கமான வகையில் ஆணின் மூக்கு நான்கைந்து மாதத்தில் நீலமாகத் தொடங்கி, வளர்ந்தபின் பளபளப்பான அடர் நீலமாக நிற்கும். ஓட்டை விளிம்பும் அதே நீலம். பெண்ணுக்கு இரண்டு நிலைகள் உண்டு. முட்டையிடும் பருவத்தில் மூக்கு கருப்பட்டி நிறமாகி, தடித்து, மேலே பொருக்குத் தட்டியதுபோல் ஆகும். பருவம் இறங்கியதும் அந்தப் பழுப்பு போய் மறுபடி வெள்ளையாக, வெளிர் நீலமாக, வளையத்தோடு வந்துவிடும். பழுப்பு மூக்கோடு வாங்கிய பறவை இரண்டு மாதத்தில் வெளிர் நீலமானால் பதற வேண்டாம், பறவை மாறிவிடவில்லை.

பழுப்புப் பொருக்கை நகத்தால் பெயர்க்காதீர்கள். அது தானாக உதிரும், பெயர்த்தால் இரத்தம் வரும். ஓட்டையை மூடும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் பறவை மருத்துவர் ஊறவைத்து எடுப்பார்.

லுட்டினோ, அல்பினோ முதலியவற்றில் எந்த வயதிலும் குஞ்சு விதியையே பின்பற்றுங்கள். ஒரே சீரான ரோஸ், ஊதா என்றால் ஆண். வெள்ளை வளையமோ பழுப்போ இருந்தால் பெண்.

சில குஞ்சுகளில் வளையம் இருப்பது போலவும் இல்லாதது போலவும் தெரியும். அங்கே ஊகிக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நான்கு படங்கள் சேர்வதற்குள் வழக்கமான வகைகளில் விடை வந்துவிடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

5. குணத்தைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்

ஆண் நாள் முழுக்க முணுமுணுவென்று பாடும். தலையை மேலும் கீழும் ஆட்டும். கண்ணாடி, மணி, கூண்டுக் கம்பி எதைப் பார்த்தாலும் அலகால் தட்டித் தட்டி, தின்றதைக் கக்கி ஊட்டப் பார்க்கும். பேச்சுப் பழக்கினால் ஆணுக்குத்தான் சீக்கிரம் வரும். பெண் பாடுவது குறைவு. கத்தல் கரகரப்பாக இருக்கும், மரத்தையும் காகிதத்தையும் கடித்துத் துவம்சம் செய்யும். விரலைக் கடித்தால் வலி வேறு மாதிரி இருக்கும்.

ஆனால் ஒன்றுக்கொன்று ஊட்டுவதை மட்டும் வைத்து ஜோடி என்று முடிவு செய்யாதீர்கள். இரண்டு ஆண்கள் ஒரே கூண்டில் இருந்தால் ஊட்டிக்கொள்ளும், அலகு உரசும், ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் செய்யும். குணமும் மூக்கும் வேறு வேறு சொன்னால் மூக்கை நம்புங்கள்.

6. தவிர்க்க வேண்டிய சோதனைகள்

இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்ப்பது ஒன்று. பெண்ணுக்கு வாலடியில் இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவே இடைவெளி அகலமாக இருக்கும் என்பார்கள். முட்டையிடும் பருவத்தில் அது உண்மைதான். குஞ்சிடமும், பருவத்தில் இல்லாத பெண்ணிடமும் பயன்படாது. பழகாத விரல் அழுத்திவிட்டால், வயிற்றில் முட்டை இருக்கும் பெண்ணுக்கு ஆபத்து. நூலில் மோதிரம் கட்டித் தொங்கவிடுவதையெல்லாம் நேரம் வீணென்று விட்டுவிடலாம்.

“பானை வைத்துப் பார்ப்போம், முட்டை போட்டால் தெரிந்துவிடும்” என்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தான யோசனை. இரண்டும் பெண்ணாக இருந்தால் ஒரு மண் பானைக்காக இரத்தம் வரச் சண்டை போடும். உள்ளே மாட்டிக்கொண்ட பறவை உயிரோடு வெளியே வராமலும் போகலாம். பத்து மாதம் நிரம்பாத பெண் பானையைக் கண்டு முட்டையிடத் தொடங்கினால் முட்டை சிக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். ஆணா பெண்ணா என்று உறுதியாகாமல், பத்து மாதம் முடியாமல் பானை கட்டாதீர்கள்.

ஏற்கெனவே கட்டி, முட்டையும் வந்துவிட்டதா? ஒரு பெண் ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு முட்டையாக, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வரை இடும். பானையில் பத்துப் பன்னிரண்டு முட்டைகள் கிடந்தாலோ, ஒரே நாளில் இரண்டு புது முட்டை வந்தாலோ இரண்டும் பெண் என்று சந்தேகப்படுங்கள். அடை காக்கத் தொடங்கிய ஏழாம் நாள், இருட்டில் முட்டைக்கு அடியில் போன் டார்ச்சைப் பிடியுங்கள். சிவப்பு நரம்புகள் தெரிந்தால் கரு இருக்கிறது, ஆண் இருக்கிறது. எல்லா முட்டையும் வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கரு இல்லை. ஆண் இல்லாமலேயே, தனியாக வளரும் பெண் பட்ஜிகூட முட்டையிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

7. டி.என்.ஏ. சோதனை எப்போது தேவை

பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஆய்வகம் பார்ப்பது இதைத்தான். இந்தியாவிலேயே பல ஆய்வகங்கள் கூரியரில் மாதிரி பெற்றுச் செய்கின்றன. ஒரு பறவைக்குச் சில நூறு ரூபாய் ஆகும், அதாவது ஏறக்குறைய ஒரு சாதாரண பட்ஜியின் விலை. ஆகவே வழக்கமான பச்சை, நீல பட்ஜிக்கு இது வீண் செலவு. மூன்று மாதம் பொறுத்தால் மூக்கே சொல்லிவிடும். ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸுக்கும், விலை கூடிய ஷோ பட்ஜிக்கும், வளையம் புரிபடாத லுட்டினோ, அல்பினோ குஞ்சுக்கும் செய்யலாம்.

மாதிரி எடுப்பதில்தான் கெட்டுப்போகிறது. கூண்டின் அடியில் உதிர்ந்து கிடக்கும் இறகு உதவாது. அது எந்தப் பறவையுடையது என்பதே தெரியாது, வேரில் உயிரணுவும் இருக்காது. நெஞ்சுப் பகுதியிலிருந்து நான்கைந்து சிறு இறகுகளை வேரோடு பிடுங்க வேண்டும். வேர் நுனியை விரலால் தொடாதீர்கள். ஒரு பறவையை முடித்ததும் கையைக் கழுவிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் கோர்த்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் காகித உறையில் போடுங்கள். உறைமேல் பறவையின் வளைய எண்ணையோ, அடையாளத்தையோ, நிறத்தையோ உடனே எழுதுங்கள். “பிறகு எழுதலாம்” என்று வைத்த உறைகள் மாறிப்போய்த்தான் பாதிக் குழப்பம் வருகிறது. சான்றிதழ் வந்ததும் அதில் உள்ள எண் உங்கள் பறவையின் எண்ணோடு பொருந்துகிறதா பாருங்கள். எண் இல்லாத பறவைக்கு வாங்கிய சான்றிதழைப் பிறகு விற்கும்போது யாரும் ஏற்கமாட்டார்கள்.

8. வீட்டில் பொரித்த குஞ்சென்றால் ஒரு குறுக்குவழி

அப்பா லுட்டினோ அல்லது அல்பினோ, அம்மா சிவப்புக் கண் இல்லாத வழக்கமான வகை. இந்தச் சேர்க்கையில் பிறக்கும் சிவப்புக் கண் குஞ்சுகள் எல்லாம் பெண், கறுப்புக் கண் குஞ்சுகள் எல்லாம் ஆண். பொரித்த சில நாட்களிலேயே, கண் திறக்கும் முன்பே, இமைத் தோலுக்கு அடியில் கண் கறுப்பாகத் தெரிகிறதா, ரோஸாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். ஓபலைன், சின்னமன் என்ற நிற வகைகளுக்கும் இதே கணக்குத்தான்: அப்பாவுக்கு அந்த வகை, அம்மாவுக்கு இல்லை என்றால், குஞ்சுகளில் அந்த வகை தெரிவது பெண்ணிடம் மட்டும்.

திருப்பிப் போட்டால், அதாவது அம்மா லுட்டினோ, அப்பா வழக்கமான வகை என்றால், இந்தக் கணக்கு செல்லாது. பல ஜோடிகள் ஒன்றாகப் பறக்கும் காலனிக் கூண்டிலும் செல்லாது. பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்தான் அப்பா என்று அங்கே உறுதி சொல்ல முடியாது.

9. வாங்கும்போது: காகிதம், பணம், பேச்சு

சாதாரண பட்ஜி ஜோடி ஐந்நூறு ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கும். ஊருக்கும் நிறத்துக்கும் ஏற்ப ஏறும், இறங்கும். இந்த விலைக்கு எழுத்தில் உத்தரவாதம் யாரும் தரமாட்டார்கள், கேட்பதில் தவறும் இல்லை. பில்லில் “1 ஆண், 1 பெண், இந்த நிறம், இந்தத் தேதி” என்று எழுதச் சொல்லுங்கள். ஆண் பெண் மாறியிருந்தால் மாற்றித் தருவீர்களா, எத்தனை மாதத்துக்குள் என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். வாங்கிய அன்றே, கடை வாசலிலேயே, இரண்டின் மூக்கையும் படம் எடுத்துவிடுங்கள். பிறகு பேச்சு வந்தால் அந்தப் படம்தான் உங்கள் பத்திரம்.

ஆணும் பெண்ணும் கட்டாயம் வேண்டும் என்றால் வரி நெற்றிக் குஞ்சை விட்டுவிட்டு, நெற்றி தெளிந்த, ஆறு மாதம் கடந்த, வழக்கமான நிறப் பறவைகளையே எடுங்கள். பழக்கி விளையாடத்தான் வேண்டும் என்றால் குஞ்சு நல்லது. அப்போது இரண்டு ஆண் எடுத்தால் கூண்டு அமைதியாக இருக்கும். இரண்டு பெண் மட்டும் வேண்டாம்.

பட்ஜி சைட்டிஸ் (வனவிலங்கு வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இல்லாததால் அதை வைத்திருக்க வனத்துறைப் பதிவு தேவையில்லை. ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸில் பிஷ்ஷர், மாஸ்க்டு வகைகள் அந்தப் பட்டியலில் உள்ளவை. அவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், வாங்கும்போதே விற்பவரிடம் பதிவு விவரம் கேளுங்கள். நம் பச்சைக்கிளியை “இதுவும் லவ் பேர்ட்ஸ் மாதிரிதான்” என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

10. நிறம் மாறினால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

பெண்ணின் மூக்கு பழுப்பும் வெளிறலுமாக மாறி மாறி வருவது இயல்பு. ஆனால் வருடக்கணக்கில் அடர் நீலமாக இருந்த ஆணின் மூக்கு மெல்லப் பழுப்பாகிறது என்றால் அது பெண்ணாக மாறுவது அல்ல. விந்தகத்தில் கட்டி வந்து, அது பெண் ஹார்மோனைச் சுரக்கும்போது இப்படி ஆகும். கூடவே ஒரு காலை ஊன்றாமல் நொண்டினால், உள்ளே வளர்ந்த கட்டி காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மூக்கிலும் அலகோரத்திலும் தேன்கூடு போலத் துளைத் துளையாக வெள்ளைப் பொருக்கு படிந்தால் அது பருவப் பழுப்பு அல்ல, பூச்சி. ஐவர்மெக்டின் மருந்தில் ஆறிவிடும். ஆனால் பட்ஜியின் எடையே 30, 40 கிராம்தான், ஒரு சொட்டு கூடினால் உயிர் போய்விடும். மாட்டுக்கு வாங்கிய மருந்தை நீங்களாக வைக்காமல், எடை போட்டுப் பார்த்துத் தரும் மருத்துவரிடம் போங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மற்ற ஊர்களில், பறவை பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

போகும்போது சின்னக் கூண்டில், மேலே துணி போட்டு எடுத்துச் செல்லுங்கள். அடியில் விரித்த காகிதத்தை மாற்றாதீர்கள், எச்சத்தையும் டாக்டர் பார்ப்பார். 4-ஆம் படியில் எடுத்துவைத்த பழைய படங்களைப் போனில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு முன்பு எந்த நிறத்தில் இருந்தது, எப்போதிலிருந்து மாறியது என்றுதான் முதலில் கேட்பார்.